இவ்வாண்டின் சிறந்த மூச்சு

தையல்காரனுக்கு நெஞ்சளவு என்பது ஒன்றல்ல, இரண்டு. மூச்சை இழுத்துப் பிடித்தால் ஒரு அளவு, விட்டால் ஒரு அளவு. இரண்டுக்கும் நடுவில் நல்ல ஆளுக்கு இரண்டு அங்குலமாவது இருக்கும். அந்த இரண்டு அங்குலத்துக்கு இடம் கொடுக்காமல் தைத்தால், ஆள் தும்மும்போது பொத்தான் தெறித்து எதிரில் இருப்பவர் கண்ணைப் பதம் பார்க்கும். முப்பது வருஷமாகத் தைக்கிறேன். பொத்தான் தெறித்ததென்று இதுவரை யாரும் திரும்பி வந்ததில்லை.

என் மனைவியின் அளவுக்குத் தனி நோட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு கட்டம். கல்யாணமான வருஷம் இழுத்தால் முப்பத்தைந்து, விட்டால் முப்பத்துமூன்று. போன வருஷம் இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு அங்குலம். இந்த வருஷம் அரை அங்குலம். டேப் இழுபட்டுப் போயிருக்கும் என்று புது டேப் வாங்கி அளந்து பார்த்தேன். பழைய டேப்பில் தப்பில்லை.

எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டி ஒரு டயர் ஆலை இருக்கிறது. பழைய டயர்களை அடுப்பில் போட்டு எரித்து எண்ணெய் எடுக்கிறார்கள். எண்ணெய் லாரியில் ஏறிப் போய்விடும். மிச்சம் எங்கள் வீட்டுக்கு வரும். தினமும் மூன்று மணிக்கு அடுப்பைத் திறப்பார்கள். கீழே கடையில் நான் வெட்டிக்கொண்டிருப்பேன், மாடியில் அவள் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருப்பாள். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். எங்கள் வீட்டில் இருமல் முன்னே வரும். அதைக் கேட்டுத்தான் மணி மூன்றாகிவிட்டது என்று தெரிந்துகொள்வேன்.

"ஏங்க... ஜன்னல... சாத்துங்க" என்பாள். ஒரு காலத்தில் காற்புள்ளி, முற்றுப்புள்ளி இல்லாமல் பேசியவள். பக்கத்து வீட்டுக்காரி நடுவில் புகுந்து பேச முடியாமல் எழுந்து போயிருக்கிறாள். இப்போது இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை நின்றுதான் போகிறாள்.

டாக்டர் அவள் நெஞ்சு எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒண்ணு, அந்தப் புகை நிக்கணும். இல்ல, நீங்க வேற இடம் போகணும். ரெண்டும் நடக்கலன்னா நான் எழுதித் தர்ற மருந்தால எனக்கு மட்டும்தான் நிம்மதி" என்றார்.

வேறு இடம் போகலாமென்று வீட்டை விற்கப் பார்த்தோம். வீடு பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் மூன்று மணிக்கு வந்தார்கள். வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கினார்கள். போலீசுக்குப் போனேன். திருட்டு, அடிதடி என்றால் சொல்லு, புகையை எந்தப் பிரிவில் போடுவது என்று கேட்டார்கள். காற்றுக்கென்று தனி ஆபீஸ் இருக்கிறதே, அங்கே போ என்றார்கள்.

அப்படித்தான் தூய காற்று விழிப்புணர்வு இயக்ககத்துக்குப் போனேன்.

நாலு மாடிக் கட்டடம். ஜன்னல் இருக்க வேண்டிய இடங்களிலெல்லாம் செங்கல் வைத்துப் பூசி, அதன்மேல் ஜன்னலும் நீல வானமுமாக வரைந்திருந்தார்கள். வாசலில் என் சட்டையைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். உள்ளே குளுகுளுவென்று இருந்தது. மூலைக்கு மூலை காற்றைச் சுத்தம் பண்ணும் மெஷின் முனகிக்கொண்டிருந்தது. எதிர்ச் சுவரில் சிவப்பு எழுத்து ஓடும் பெரிய போர்டு. 'இன்றைய அளவு: 87 சதவீதம்.'

"காத்துல அழுக்கு அவ்வளவா இருக்கு?" என்று மனு வாங்கும் மூன்றாம் ஜன்னலில் இருந்த அம்மாளிடம் கேட்டேன்.

"அது காத்து அளவு இல்லீங்க. விழிப்புணர்வு அளவு. இன்னிக்கு ஊர்ல எண்பத்தேழு சதவீதம் பேருக்கு விழிப்புணர்வு இருக்கு."

"காத்தை அளக்கறது?"

"அந்த மெஷின் ரிப்பேராச்சு. அதைப் பாத்தா ஜனங்க பயப்படறாங்கன்னு அப்படியே விட்டுட்டாங்க. உங்களுக்கு என்ன வேணும்?"

சொன்னேன். டயர், அடுப்பு, மூன்று மணி, மனைவி, அரை அங்குலம், எல்லாம். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டாள். பொறுமையாகக் கேட்பதற்கென்றே பயிற்சி கொடுத்திருப்பார்கள் போல. ஒரு கையால் ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டாள். மூன்றாவது பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"புகாரா கொடுக்கப் போறீங்க? அப்படின்னா பாதிக்கப்பட்டவங்க நேர்ல வரணும். அவங்க விழிப்புணர்வு அட்டை வச்சிருக்கணும்."

"அட்டை எதுக்கும்மா? புகை வருதுன்னு எங்களுக்கு நல்லாவே தெரியுமே."

"உங்களுக்குத் தெரியறது வேற. தெரிஞ்சிருக்குன்னு நாங்க ஒத்துக்கறது வேற" என்றாள். குரலில் கோபமே இல்லை. "ஒருநாள் முகாம் வச்சிருக்கோம். வந்து உறுதிமொழி எடுத்தா அட்டை கையில. வர்ற புதன்கிழமை கூட்டிட்டு வாங்க."

புதன்கிழமை கூட்டிக்கொண்டு போனேன். மாடிப்படி இருபத்திரண்டு. என் மனைவி மூன்று தவணையாக ஏறினாள். கூடத்தில் அறுபது பேர் இருந்தார்கள். எல்லாருக்கும் ஆளுக்கு ஒன்பது துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். ஒன்பதும் ஒன்றேதான். கொடுத்த பிரசுரத்தின் எண்ணிக்கையை வைத்துத்தான் போர்டில் சதவீதம் ஏறுமாம். மிஞ்சினதைச் சாயங்காலம் கட்டடத்துக்குப் பின்னால் போட்டுக் கொளுத்துவார்கள் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். அவர் நாலாவது முறையாக வந்திருக்கிறார்.

இணை இயக்குநர் பேச வந்தார். திரையில் ஒரு பெரிய மூக்கு.

"இது என்ன?"

"மூக்கு" என்றது கூட்டம்.

"இதுதான் நாம பண்ற முதல் தப்பு. இதை வெறும் மூக்குன்னு நினைக்கிறோம். இது ஒரு பொறுப்பு. காத்து கெட்டுப் போச்சு, கெட்டுப் போச்சுன்னு எல்லாரும் சொல்றீங்க. அந்தக் காத்தை உள்ள இழுக்கறது யாரு? நீங்கதானே? யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

அப்போது கரண்ட் போனது. ஜெனரேட்டரைப் போட்டார்கள். அதைக் கூடத்தின் வாசலிலேயே வைத்திருந்தபடியால் டீசல் புகை திரை வரைக்கும் வந்தது. இணை இயக்குநர் அசரவில்லை. "நல்லாப் பாத்துக்குங்க. இதுதான் புகை. செயல்முறை விளக்கம்" என்றார். முன்வரிசையில் இருந்தவர்கள் குறித்துக்கொண்டார்கள். என் மனைவி புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்தாள். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். தடவினால் ஒன்றும் ஆகாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பிறகு உறுதிமொழி. நாற்பத்திரண்டு வார்த்தை. அதை ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். நடுவில் மூச்சு வாங்கக் கூடாது.

"எதுக்கு சார் அப்படி?" என்று கேட்டுவிட்டேன்.

"நல்ல கேள்வி. எங்க முதல் இயக்குநர் வகுத்த முறை. சுத்தமான காத்துக்காக உறுதி சொல்றோம். பாதியில நிறுத்தி, அசுத்தமான காத்தை உள்ள இழுத்துட்டு மீதியைச் சொன்னா, அந்த உறுதி கலப்படம் ஆயிடும் இல்லையா?" என்றார். முதல் இயக்குநர் இளமையில் நீச்சல் வீரராம். சுவரில் படம் இருந்தது. நெஞ்சு நாற்பத்தாறு இருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

ஒருவர் கையில் சின்னக் கண்ணாடி வைத்திருந்தார். மூச்சுக் கண்காணிப்பாளர் என்று நெஞ்சில் பட்டை குத்தியிருந்தது. உறுதிமொழி சொல்பவரின் மூக்குக்குக் கீழே கண்ணாடியைப் பிடிப்பார். ஆவி படிந்தால் தோல்வி. ஆள் போய்விட்டாரா என்று பார்க்கத்தான் மூக்கில் கண்ணாடி வைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே மூச்சு இருந்தால்தான் தப்பு.

முதலில் மேடையேறியவர் ஒரு பெரிய மனிதர். விறுவிறுவென்று நாற்பத்திரண்டு வார்த்தையையும் சொல்லி முடித்து, கடைசி வார்த்தையை நீட்டி முழக்கவும் செய்தார். கை தட்டினார்கள். அவர்தான் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் டயர் ஆலையின் முதலாளி. ஒவ்வொரு வருஷமும் வந்து அட்டையைப் புதுப்பித்துக்கொள்வாராம். அவர் வீடு ஊருக்கு வெளியே தோப்புக்கு நடுவில் இருக்கிறது.

என் மனைவியின் முறை வந்தது. மைக்கின் முன்னால் நின்றாள். கண்ணாடியைப் பார்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தூய காற்று நம் அனைவரின் பிறப்புரிமை என்பதை உணர்ந்த குடிமகளாகிய நான் என்னைச் சுற்றியுள்ள..."

பதினோரு வார்த்தை. அவ்வளவுதான் முடிந்தது. குனிந்து இருமினாள். கண்ணாடி முழுக்க ஆவி. கண்காணிப்பாளர் அதைத் துடைத்துவிட்டு, 'மீண்டும் முயலவும்' என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் பயிற்சி ஆரம்பித்தோம். காலையில், புகை வருவதற்கு முன்னால். நான் வெட்டுமேஜையில் தட்டித் தட்டி வார்த்தையை எண்ணுவேன். ஒரு வாரத்தில் பதினாலு வந்தது. இரண்டாவது வாரம் அவர்கள் லாரி டயர் எரிக்க ஆரம்பித்தார்கள். பதினாலு பத்தாகி, பத்து ஒன்பதானது. 'நான்' என்ற வார்த்தையோடு நின்றுவிடுவாள்.

"ஏங்க... நீளமா இருக்குன்னா... நீங்க பேண்ட்டைக் கூட... வெட்டிச் சுருக்கித்... தர்றீங்களே. இந்த உறுதிமொழிய... ஒரு ரெண்டு அங்குலம்... பிடிச்சுத் தைக்கக் கூடாதா?"

அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. உறுதிமொழியைச் சுருக்கித் தரும்படி மனு எழுதிக் கொடுத்தேன். மனுவைப் பரிசீலிக்க ஏழு பேர் கொண்ட குழு போட்டார்கள். ஏழு பேரும் மூன்று நாள் உட்கார்ந்து பேசினார்கள். குழுவில் இருந்ததற்கு அடையாளமாக ஆளுக்கொரு வார்த்தை சேர்த்தார்கள். இப்போது உறுதிமொழி நாற்பத்தொன்பது வார்த்தை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்று சொல்வார்கள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஏனோ வரவில்லை. அன்றைக்குப் பதினெட்டு காலர் தைத்தேன், அது ஞாபகமிருக்கிறது.

மனுவில் என் தொழிலை எழுதியிருந்தேன். அதைப் பார்த்து ஆள் அனுப்பினார்கள். தூய காற்று நாள் வருகிறது, மேடையில் இருக்கப்போகிற பன்னிரண்டு பேருக்கும் ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை வேண்டும். அளவெடுக்க வா என்றார்கள். பெரியவர்களை நேரில் பார்த்தால் ஒரு வழி பிறக்கும் என்று டேப்பையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு போனேன்.

இயக்குநரின் அறையில் மட்டும் காற்று மெஷின் இரண்டு. கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"டெய்லரே, ஜனங்க ஏன் புகையைப் பத்திப் புகார் பண்றாங்க தெரியுமா? விழிப்புணர்வு இல்லாததால. விழிப்புணர்வு வந்தவன் புகார் பண்ண மாட்டான். தன்னை மாத்திக்குவான். என்னையே எடுத்துக்குங்க. வெளிக்காத்து சரியில்லன்னு தெரிஞ்சதும் நான் என்ன பண்ணினேன்? யார் மேலயும் குத்தம் சொல்லல. ஜன்னலை எடுத்துட்டேன்."

"மூச்சை இழுத்துப் பிடிங்க சார்."

இழுத்தார். விட்டார். இரண்டேகால்.

"போன வருஷம் நூத்திநாப்பது புகார் வந்துச்சு. இந்த வருஷம் ஒண்ணு கூட இல்ல. காத்து சுத்தமாயிடுச்சுன்றதுக்கு இதைவிட ஆதாரம் வேணுமா?"

"புகாருக்கு அட்டை வேணும்ன்ற விதி எப்ப சார் வந்தது?"

"போன வருஷக் கடைசியில. ஏன்?"

"ஒண்ணுமில்ல சார். கையை இறக்கிக்கலாம்."

பதினோரு அதிகாரிகளை அளந்தேன். ஒருவர்கூட இரண்டு அங்குலத்துக்குக் குறையவில்லை. பன்னிரண்டாவது ஆள் புரவலர். அதாவது, டயர் முதலாளி. சட்டையைக் கழற்றிவிட்டு உற்சாகமாக நின்றார். இழுத்தால் நாற்பத்துநாலு, விட்டால் நாற்பதரை. முப்பது வருஷத்தில் மூன்றரை அங்குலத்தை நான் பார்த்ததில்லை. நம்பாமல் இன்னொரு முறை அளந்தேன்.

"காலையில மரத்தடியில உக்காந்து மூச்சுப் பயிற்சி பண்றேன், டெய்லரே. எங்க பக்கம் காத்து அப்படி. காத்துன்னா அதுதான் காத்து. நீங்களும் அந்தப் பக்கம் குடி வந்துடலாமே?"

அவர் நெஞ்சில் இருந்த டேப்பைக் கழுத்துக்கு ஏற்றினேன். ஒரு கணம் கை அங்கேயே நின்றது. காலர் அளவு எடுக்க எப்படியும் கழுத்துக்குப் போக வேண்டியதுதான். எடுத்தேன். பதினாறரை. நோட்டில் எழுதிக்கொண்டேன்.

சட்டைகளைத் தைத்துத் துவைத்துக் கொடியில் போட்டேன். மூன்று மணிக்குள் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அன்றைக்கு இரண்டு மணிக்கே அடுப்பைத் திறந்துவிட்டார்கள். பன்னிரண்டும் சாம்பல் நிறமாகிவிட்டது. திரும்பத் துவைத்தேன். திரும்பச் சாம்பல். மூன்றாவது முறை துவைக்கப் போனபோது என் மனைவி தடுத்தாள்.

"அப்படியே... கொண்டு போங்க. நான் வாயால... சொல்ல முடியாதத... சட்டை சொல்லட்டும்."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. கொண்டுபோய் மேஜைமேல் விரித்தேன். இயக்குநர் ஒன்றை எடுத்து விளக்கின் கீழே பிடித்தார்.

"இது என்ன நிறம்?"

"எங்க வீட்டுக் காத்தோட நிறம் சார். வெள்ளைத் துணிதான். ஒரு மத்தியானம் கொடியில கிடந்துச்சு."

இயக்குநர் சட்டையைத் தடவினார். விரலைப் பார்த்தார். இணை இயக்குநர் பக்கத்தில் வந்து நின்றார். கடைசியில் யாருக்கோ கண் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"நல்லாயிருக்கே" என்றார் இயக்குநர்.

"வெள்ளைப் பின்திரைக்கு முன்னால எடுப்பா இருக்கும் சார். வெள்ளைன்னா போட்டோல முகம் தெரியாது" என்றார் இணை இயக்குநர். "விழிப்புணர்வு நிறம்னே பேர் வச்சிடலாம்."

"இன்னும் இருபது வேணும், டெய்லரே. இதே நிறம். கொடியை மாத்திடாதீங்க."

முதலாளி மட்டும் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே தன் சட்டையை மடித்து வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் மானம், வெட்கம் எல்லாவற்றையும் விட்டேன். கெஞ்சினேன் என்று சொல்வதுதான் சரி. அவளால் ஒன்பது வார்த்தைக்கு மேல் முடியவில்லை, அட்டையை மட்டும் எப்படியாவது கொடுங்கள் என்று மேஜையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். எந்தப் புகை, யாருடைய புகை என்று முதலாளியை வைத்துக்கொண்டு நான் சொல்லவில்லை. அட்டை கையில் வரட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். பயமும்தான்.

இயக்குநர் வருத்தத்தோடு தலையாட்டினார். விதி விதிதான் என்றார். அப்போது முதலாளி முன்னால் வந்து என் தோளில் கை வைத்தார்.

"அடப் பாவமே. இதுக்குப் போயா கலங்கறீங்க? உங்க வீட்டம்மாவுக்கு மூச்சு பத்தல, அவ்வளவுதானே? எங்கிட்ட வேண்டிய மட்டும் இருக்கு. அவங்க சார்பா நான் சொல்லிடறேன்."

இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "மூச்சு தானம்!" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "ரத்த தானம் இருக்கு, கண் தானம் இருக்கு. இதை ஏன் இத்தனை நாள் யாரும் யோசிக்கல? மேடையிலயே ஆரம்பிச்சிடுவோம். முதல் பயனாளி உங்க மனைவி!"

வீட்டில் சொன்னபோது என் மனைவி காஜா நூலைக் கடித்து அறுத்தாள். "என்கிட்டேருந்து... எடுத்தத... கொஞ்சம் திருப்பித் தர்றாரு... போல" என்றாள். பிறகு, "அட்டை... வருமில்ல?" என்று கேட்டாள். வரும் என்றேன்.

தூய காற்று நாளன்று நாற்பது கார்களில் ஊர்வலம் வந்தார்கள். மேடையில் முப்பத்திரண்டு பேர் என் சட்டையில் இருந்தார்கள். நடுவில் ஒரு நாற்காலியில் என் மனைவி. அவளுக்கு அந்த நிறத்தில் சட்டை தேவைப்படவில்லை. அவள் கட்டியிருந்ததே வெள்ளையாக வாங்கிய புடவைதான்.

முதலாளி மைக்கைப் பிடித்தார். கண்காணிப்பாளர் கண்ணாடியோடு வந்தார். யார் மூக்கில் வைப்பது என்று அங்கே ஒரு குழப்பம். உறுதிமொழி யாருடையதோ அவர் மூக்கில்தான் என்று விதியைப் படித்துப் பார்த்து முடிவு செய்தார்கள். என் மனைவியின் மூக்குக்குக் கீழே கண்ணாடியைப் பிடித்தார்கள். முதலாளி நெஞ்சை விரித்து, மூன்றரை அங்குலத்தையும் நிரப்பிக்கொண்டு ஆரம்பித்தார். நாற்பத்தொன்பது வார்த்தை. நிதானமாக, ஏற்ற இறக்கத்தோடு சொன்னார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆவி படியவில்லை. அவள் மூச்சை அடக்கிக்கொள்ளவில்லை. எனக்குத் தெரியும், அவள் அடக்கினால் கழுத்து நரம்பு எழும்பும். சாதாரணமாகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணாடி கடைசிவரை பளிச்சென்று இருந்தது.

"வெற்றி!" என்றார் கண்காணிப்பாளர்.

கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. நாற்பத்தொன்பது வார்த்தையை இதுவரை யாரும் ஒரே மூச்சில் முடித்ததில்லையாம். ஆகவே இவ்வாண்டின் சிறந்த மூச்சுக்கான கோப்பையும் என் மனைவிக்கே போனது. இயக்குநர் கொடுத்தார், முதலாளி பக்கத்தில் நின்றார், போட்டோ எடுத்தார்கள். கோப்பை கனமாக இருந்ததால் நான் போய் வாங்கிக்கொண்டேன்.

அட்டையும் கையில் வந்தது. சுடச்சுட லேமினேட் பண்ணியிருந்தார்கள். அங்கிருந்து நேராக மூன்றாம் ஜன்னலுக்குப் போனோம். படி ஏற நாலு தவணை ஆனது. அந்த அம்மாள் எங்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள், நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். புகார் மனுவை வாங்கி, அட்டை எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டினாள். படித்தாள். திரும்பப் படித்தாள்.

"இதுல ஒரு சிக்கல் இருக்கே."

"என்னம்மா?"

"மனுவுல மூச்சுத் திணறல்னு எழுதியிருக்கீங்க. ஆனா பதிவுல இவங்க நாப்பத்தொன்பது வார்த்தையை ஒரே மூச்சுல சொல்லியிருக்காங்க. சிறந்த மூச்சுன்னு கோப்பை வேற. இவ்வளவு நல்ல மூச்சு இருக்கறவங்களுக்குப் பாதிப்புன்னு நான் எப்படி எழுதுவேன்?"

"அது இவ சொல்லலம்மா. அவர் சொன்னாரு. எல்லாரும் பாத்தாங்க."

"தானமாக் கொடுத்தா அது வாங்கினவங்களுதுதானே?"

"அப்ப ஒரே மூச்சுல சொல்ல முடியாதவங்க?"

"அவங்களுக்கு அட்டை கிடையாதே. அவங்க எப்படிப் புகார் கொடுப்பாங்க?" என்றாள். சொல்லிவிட்டு, ஸ்வெட்டரின் மூன்றாவது பொத்தானைத் தேடினாள். அது எங்கேயோ விழுந்துபோயிருந்தது. பிறகு மனுவின் மேல் 'பாதிப்பு இல்லை' என்று முத்திரை குத்தி, கவனமாக மடித்து, இரண்டு கையாலும் என் மனைவியிடம் கொடுத்தாள்.

என் மனைவி அவளைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அந்தக் காலத்து ஆளாக இருந்தால் நாலு மாடியும் கேட்டிருக்கும். "பொத்தான்... கடைக்கு வாங்க... தைச்சுத் தர்றேன்" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்தோம். கோப்பையைத் தையல் மெஷின்மேல் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். நானாகத்தான் டேப்பை எடுத்தேன். எதற்கு எடுத்தேன் என்று தெரியவில்லை. கைக்கு வேறு வேலை தெரியாது.

"இழு."

"இழுத்துட்டேன்."

முப்பத்துநாலு.

"விடு."

காத்திருந்தேன். டேப் என் விரலில் தளரவில்லை.

"விடும்மா."

"விட்டுட்டேங்க."

முப்பத்துநாலு. இன்னொரு முறை பார்த்தேன். புது டேப்பை எடுத்துப் பார்த்தேன். அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். இந்த இடத்தில் அழ வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. அழுகை வரவில்லை. நோட்டைப் பிரித்து முதல் கட்டத்தில் எழுதினேன். இரண்டாவது கட்டத்துக்குப் பென்சில் போகவில்லை.

அவள் எட்டிப் பார்த்தாள். "ரெண்டும்... ஒரே அளவா?"

"ம்."

"நல்லதாப் போச்சு. இனிமே உங்களுக்கு... ஒரு கட்டம்... மிச்சம்."

பின்சுவருக்கு அப்பால் இரும்புக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மணி மூன்று.

"ஏங்க... ஜன்னல... சாத்துங்க" என்றாள்.

ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. அதை அவளிடம் சொல்லாமல் எழுந்து போய்த் திறந்து, இன்னொரு முறை சாத்தினேன்.